உள்ளூர்க்காரருக்கு மட்டும் இருட்டு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒரு சீசனில் ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடும்; மொத்தம் 2,430. இவற்றில் பெரும்பாலானவற்றை நேரலையாகக் காட்டும் எம்எல்பி டிவி சேவைக்கு 2025இல் ஆண்டுச் சந்தா ஏறத்தாழ 150 டாலர். சந்தா கட்டிய சென்னைக்காரர் ஒருவர், சிகாகோவில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் கப்ஸ் அணியின் ஆட்டத்தைக் காலை 5.30 மணிக்குக் காப்பியோடு பார்க்கலாம். ஆனால் சிகாகோவுக்கு அடுத்த மாநிலமான ஐயோவாவில் அதே சந்தாவைக் கட்டியவர்களுக்கு, பல ஆண்டுகளாக அந்த ஆட்டம் திறக்கவே இல்லை. உங்கள் பகுதிக்கு இது கிடையாது என்ற அறிவிப்புதான் வந்தது. கப்ஸ் மட்டுமல்ல, ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் என ஆறு அணிகளுக்கு அவர்கள் 'உள்ளூர்க்காரர்கள்'. இத்தனைக்கும் ஐயோவாவுக்கென்று ஒரு மேஜர் லீக் அணிகூடக் கிடையாது. தலைநகர் டி மொய்னிலிருந்து ராயல்ஸின் கான்சஸ் சிட்டி மைதானத்துக்குப் போகவே 300 கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டும்.

பிளாக்அவுட் எனப்படும் இந்தத் தடையைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இணைய ஒளிபரப்பில் பேஸ்பால்தான் முன்னோடி. யாங்கீஸ், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஆட்டத்தை 2002 ஆகஸ்ட் 26 அன்றே இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். லீக் வளர்த்த தொழில்நுட்பப் பிரிவின் தயவில்தான் 2015இல் எச்பிஓவின் இணையச் சேவை ஓடியது. பின்னர் அந்தப் பிரிவின் பெரும்பங்கை டிஸ்னி வாங்கிக்கொண்டது. தடை இருப்பது ஒப்பந்தத்தில். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தொலைக்காட்சி எல்லை உண்டு. அதற்குள் காட்டும் உரிமையை அந்த வட்டாரத்து விளையாட்டுச் சானல் பெருந்தொகை கொடுத்து வாங்கும். கேபிள் நிறுவனங்களிடம் வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வசூலிக்கும். பேஸ்பாலை ஏறெடுத்தும் பார்க்காத வீடும் அதில் பங்கு கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் வரவேண்டுமானால் உள்ளூர் ரசிகருக்கு வேறு வழி எதுவும் இருக்கக் கூடாது. ஆகவே லீக் தன் சொந்தச் சேவையின் கதவையே அவருக்கு அடைத்தது.

ரசிகருக்குக் காட்டாமல் வைத்தால்தான் காசு என்ற நினைப்பு பழையது. ரேடியோ வந்தபோது மைதானத்துக்குக் கூட்டம் வராது என்று பயந்த நியூயார்க்கின் மூன்று அணிகள், 1934 முதல் ஐந்து ஆண்டுகள் வர்ணனையே வேண்டாம் என்று கூடி முடிவெடுத்தன. 1939இல் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் நிர்வாகி லாரி மெக்ஃபைல் அதை உடைத்து, ரெட் பார்பரை வர்ணனைக்கு அழைத்துவந்தார். அந்த ஆண்டு ப்ரூக்ளின் மைதானத்தில் கூட்டம் கூடியது. அணி நன்றாக ஆடியதும் ஒரு காரணம்தான். ஆனாலும் ரேடியோ கூட்டத்தை விழுங்கிவிடும் என்ற பயம் பலிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று தொலைக்காட்சியிலும் மேஜர் லீக் பேஸ்பால் முதன்முதலாக வந்தது. இன்றும் அந்தப் பயம் பலிக்கவில்லை. இத்தனை திரைகளுக்கு நடுவிலும் 2023இல் 7 கோடிக்கும் அதிகமான மைதான டிக்கெட்டுகள் விற்றன.

அடைத்துவைப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் சாட்சி. டாட்ஜர்ஸ் அணி 2013இல் 25 ஆண்டுகளுக்கு, 835 கோடி டாலருக்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய புதிய சானல் கேட்ட கட்டணம் கட்டுப்படியாகாது என்று டைரக்டிவி உள்ளிட்ட நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. 2020 வரை அந்த மாநகரின் பெரும்பாலான வீடுகளுக்குச் சொந்த அணியின் ஆட்டம் எட்டவில்லை. 1950 முதல் டாட்ஜர்ஸின் குரலாக இருந்த வின் ஸ்கல்லி 2016இல் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி ஆண்டுகளின் வர்ணனையை அவர் ஊர்க்காரர்களில் பலரால் தொலைக்காட்சியில் கேட்க முடியவில்லை. கடைசிச் சில ஆட்டங்களை மட்டும் ஓர் இலவசச் சானலில் காட்டினார்கள். அணிக்குப் பணம் வந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் வளர்ந்த சிறுவர்களை ரசிகர்களாக்கும் வாய்ப்புப் போனது. அந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இப்போது அந்தப் பணமும் ஆட்டம் காண்கிறது. கேபிளைத் துண்டிக்கும் வீடுகள் பெருகிவிட்டன. கேபிளுக்கு மாற்றாக 2017இல் மாதம் 35 டாலருக்கு வந்த யூடியூப் டிவி, 2020இல் வட்டார விளையாட்டுச் சானல்கள் பலவற்றைக் கைவிட்டது. 2025இல் அதன் கட்டணம் 83 டாலரைத் தொட்டது. 2019இல் ஏறத்தாழ ஆயிரம் கோடி டாலருக்குக் கைமாறிய 21 வட்டாரச் சானல்களை நடத்திய டைமண்ட் ஸ்போர்ட்ஸ், 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. சான் டியாகோ பாட்ரெஸ் அணிக்குத் தர வேண்டிய தொகையை அது தராமல் போக, மே 31 அன்று லீக்கே ஒளிபரப்பைக் கையில் எடுத்தது. தடை நீங்கியது, மாதம் 20 டாலர் கட்டினால் உள்ளூர்க்காரரும் பார்க்கலாம் என்றானது. ஆண்டுக்கணக்கில் முடியாது என்று சொல்லப்பட்டது, ஒப்பந்தம் முறிந்ததும் ஒரே நாளில் முடிந்தது.

எல்லா அணிகளின் உரிமையையும் லீக்கே எல்லை வகுக்காமல் ஒரே இடத்தில் விற்கலாமே என்றால், வட்டாரச் சானல் பணம் இல்லாவிட்டால் வீரர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சந்தா வருமானம் பழைய தொகையை உடனே ஈடுகட்டாது. பாட்ரெஸுக்கே இழந்த தொகையில் 80 சதவீதம் வரை லீக் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் பேஸ்பால் பார்க்காத வீடுகள் கட்டிவந்த பணம் எப்படியும் கரைந்துகொண்டிருக்கிறது. தடையை நீட்டித்தால் அது திரும்பி வந்துவிடாது. பணக்கார அணிகள் தங்கள் உரிமையை ஏன் பொதுவில் வைக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தை எல்லா அணிகளும் இப்போதே பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது, மிச்சம் அளவு பற்றிய பேரம்தான். ஐபிஎல் உரிமையை கிரிக்கெட் வாரியம் மொத்தமாக விற்பதுபோல் இங்கே முடியாது, இது அரை ஆண்டு அன்றாடம் நடக்கும் ஆட்டம், ஊருக்கு ஊர் வர்ணனையாளர் வேண்டும் என்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் வர்ணனை ஊருடையதாக இருப்பதற்கு விற்பனையும் ஊர் எல்லைக்குள் முடங்க வேண்டியதில்லை. பாட்ரெஸ் ஒளிபரப்பு லீக்கின் கைக்கு மாறியபோதும் வர்ணனையாளர்கள் மாறவில்லை.

ஒரே இடத்தில் விற்பது என்பதைக் கடைகளைப் பெருக்குவது என்று புரிந்துகொண்டுவிடக் கூடாது. 2022 முதல் வெள்ளிக்கிழமை ஆட்டங்கள் சில ஆப்பிளில் மட்டும். 2026 முதல் ஞாயிறு இரவு என்பிசி, தொடக்க நாள் இரவு நெட்ஃபிளிக்ஸ். எம்எல்பி டிவியை விற்கும் பொறுப்பு இஎஸ்பிஎன் கையில். விற்பவர் மாறினாலும், எல்லைக்கோடு அழியாதவரை உள்ளூர் ரசிகரின் நிலை மாறாது. தேசிய ஒப்பந்தங்கள் அனைத்தும் 2028 சீசனோடு முடிகின்றன. அப்போது உள்ளூர் உரிமைகளையும் சேர்த்து விற்க வேண்டும் என்பதே லீக் ஆணையர் ராப் மேன்ஃப்ரெடின் விருப்பம். சொந்தச் சானல் வைத்திருக்கும் பெரிய அணிகள் எளிதில் இணங்கமாட்டா. எத்தனை ஆயிரம் கோடிக்கு ஏலம் போனது என்பதுதான் அன்றைக்குத் தலைப்புச் செய்தியாகும். ஆனால் டி மொய்னில் இருப்பவர் ஒரே சந்தாவில் ஆறு அணிகளின் ஆட்டத்தையும் பார்க்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் அந்த ஒப்பந்தத்தை எடைபோட வேண்டும். அது முடியாதென்றால், எத்தனை கோடிக்குப் போனாலும் லீக் விற்றது தன் அடுத்த தலைமுறை ரசிகர்களைத்தான்.