காத்திருக்கும் காலமும் காக்கும் வாக்கும்

கிறிஸ்துமஸும் பொங்கலும் நெருங்கும் காலத்தில், பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஊர் செல்லப் பயணச்சீட்டுத் தேடி அலைவதை நாம் ஆண்டுதோறும் ரயில் நிலையத்தில் காண்கிறோம். இடம் கிடையாதோர் பெயர்கள் காத்திருப்போர் பட்டியலில் ஏறுகின்றன. பட்டியலில் பெயர் ஏறியதையே இடம் கிடைத்ததாக எண்ணி, மூட்டை முடிச்சுகளுடன் வந்து ஏமாந்து திரும்புவோரும் உளர். அப்பட்டியல் நம் விருப்பத்தைப் பதிவு செய்கிறதேயன்றி உறுதி எதுவும் அளிப்பதில்லை.

கிறிஸ்தவ வாழ்விலும் இத்தகைய மயக்கம் உண்டு. உத்தியோக உயர்வு, சொந்த வீடு, மகளின் திருமணம், மழலைச் செல்வம் என நாம் வேண்டுவனவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி, அவற்றையே தேவனுடைய வாக்குத்தத்தங்களெனக் கருதிவிடுகிறோம். ஆண்டுகள் கடந்தும் அவை கைகூடாதபோது, ஆண்டவர் வாக்கு மாறினாரோ என்று நெஞ்சம் கலங்குகிறது. இக்கலக்கத்தால் ஜெபத்தையே விட்டொழித்தோரும் நம்மிடையே உண்டு. ஆதலின் விருப்பம் யாது, வாக்குத்தத்தம் யாது என்று பிரித்தறிதல் இன்றியமையாதது. நம் நகரில் சில காலம் வாழ்ந்த ஓர் அம்மையாரின் வரலாறு இதற்குத் துணை புரியும்.

அயர்லாந்தின் வட பகுதியில், மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். சிறுமியாயிருந்தபோது, தம் பழுப்பு நிறக் கண்கள் நீல நிறமாக வேண்டுமென ஓர் இரவு உருக்கமாக ஜெபித்தார். விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தார்; கண்கள் பழுப்பாகவே இருந்தன. "இல்லை" என்பதும் ஒரு விடையே என்பதை அக்குழந்தை அன்று கற்றது.

1895-ஆம் ஆண்டில் அவர் பெங்களூர் வந்து சேர்ந்தார். தொண்டு செய்யும் வேட்கையோடு வந்தவருக்கு இங்கே முதலில் வாய்த்தது, தமிழ் எழுத்துகளோடு போராடும் மாணவ வாழ்வே. அடுத்த ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று, தாமஸ் வாக்கர் ஐயரின் உதவியுடன் அப்பயிற்சியைத் தொடர்ந்தார். 1901-ஆம் ஆண்டு மார்ச்சில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதற்கென ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். இந்நாட்டில் கால் வைத்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே, தம் வாழ்நாட்பணி யாதென அவருக்கு விளங்கலாயிற்று. அச்சிறுமியின் துயரைக் கேட்டறியக் கைகொடுத்தது, பெங்களூரில் எழுத்துக்கூட்டிக் கற்ற தமிழன்றோ! சேலையுடுத்தி மக்களோடு மக்களாய் உலவ, அந்தப் பழுப்பு நிறக் கண்களும் உதவின.

டோனாவூரில் அவர் அமைத்த இல்லத்தில் பிள்ளைகள் பெருகினர். எனினும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. முதற்சிறுமி வந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்சட்டத்துக்காகச் சட்டசபையிலும் வெளியிலும் போராடியவருள் முதன்மையானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். ஒருவர் காத்திருந்து வேண்டும் நன்மை, அவர் எதிர்பாராத வேறொருவர் கையால் வருவதும் உண்டு.

இதற்கிடையில், 1931-ஆம் ஆண்டு கார்மைக்கேல் அம்மையார் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். முன்போல் நடமாடும் நலம் அவருக்குத் திரும்பவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்து, பல நூல்களை எழுதி, 1951-ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். அவர் விரும்பியவாறே கல்லறையில் பெயர்க்கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டியொன்று அங்குள்ளது.

தேவனிடமிருந்து தெளிவான வாக்கைப் பெற்றவருக்கும் காத்திருத்தல் எளிதாயிருந்ததில்லை. நம்மைப்போல் ஊர் விட்டு வந்தவரே ஆபிரகாம். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் பொறுமையிழந்து, அடிமைப்பெண் ஆகார் வழியாகப் பிள்ளை பெற முனைந்தார். அவ்வவசரத்தின் துன்பத்தை, இறுதியில் வனாந்தரத்தில் தண்ணீரின்றித் தவித்த ஆகாரும் அவள் மைந்தனுமே சுமந்தனர். வீடு வேண்டுமென்று தாளமுடியாத வட்டிக்குக் கடன் வாங்கும்போதும், விசாரிக்காமல் மகளுக்கு வரன் முடிக்கும்போதும், நம் அவசரத்தின் பாரம் யார் தலையில் விழும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறாயின் தேவன் நமக்கு வாக்களித்தது யாது? நாம் கேட்ட நாளில், கேட்ட பொருளைத் தருவதாக அன்று. நம்மைக் கைவிடாமல் உடனிருப்பதாகவும், அன்றன்றைக்கு வேண்டிய பெலன் அருள்வதாகவுமே வாக்களித்துள்ளார். அவ்வாக்கு நிறைவேறும் நாள் வருமென்று காத்திருக்க வேண்டுவதில்லை. காத்திருக்கும் காலத்திலேயே அது நிறைவேறி வருகிறது.

ஆகவே அன்பர்களே, நம் விருப்பங்களைத் தேவனிடம் கூசாமல் கேட்போம். அவை காத்திருப்போர் பட்டியலில் இருக்கட்டும். அதுவரை இன்றைய கடமையைச் செவ்வனே செய்வோம். நம்மைப்போல் காத்திருந்து சோர்ந்த குடும்பம் அடுத்த தெருவில் இருக்குமாயின், இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒருநடை சென்று பார்த்து வருவோம். ஆண்டவர் உடனிருப்பதை அவர்கள் அறிவது, ஒருவேளை, நாம் கதவைத் தட்டும் ஓசையினாலேயே ஆகலாம்.