உஷார்! குதிரையே இல்லாத ரேஸ் உங்கள் போனில் ஓடுகிறது

"அஞ்சாவது ரேஸ், கன்ஃபார்ம் வின்னர், டிப்ஸ் ஃப்ரீ" என்று டெலிகிராமில் மெசேஜ் வந்தால், ரேஸ் பிரியர்களே, தொடவே தொடாதீர்கள்!

லிங்க்கைத் தட்டினால் ஓர் ஆப் திறக்கும். பெரிய ரேஸ் கிளப்பின் முத்திரைகூட அதில் இருக்கும். பணம் போகும் யுபிஐ கணக்கு மட்டும் முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் இருக்கும். முதலில் 500 ரூபாய் ஜெயித்தால் உடனே கைக்கு வரும். நம்பிப் பெரிய தொகையைக் கட்டி ஜெயித்தாலோ, "முதலில் வரியைக் கட்டுங்கள், அப்புறம்தான் பணம்" என்பார்கள். கட்டினால் அதுவும் போச்சு.

இன்னொரு வலை, வர்ச்சுவல் ரேஸ். சில நிமிடத்துக்கு ஒன்று என ராப்பகலாக ஓடும். ஜெயிப்பது யார் என்பதைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, கிண்டி ரேஸ் தொடர்பான வழக்கில்தான். குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் என்று கணிக்க அங்கே விஷயம் உண்டு. வர்ச்சுவலில் கணிக்க என்ன இருக்கிறது?

ரேஸ் கிளப்புகளே, உங்களுக்கும் ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத்துக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. கள்ள புக்கி ஒரு பைசா வரி கட்டுவதில்லை. கிளப்பின் பந்தயக் கவுன்டரான டோட்டில் நிற்க வேண்டியவர் அவனிடம் போகத்தான் செய்வார். அதற்காக ஆன்லைன் சூதாட்டக்காரர்களோடு கைகோக்க நினைக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை விளையாட்டானாலும் ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

உடனே செய்ய வேண்டியவை சில. கிளப் பெயரில் உலவும் போலி ஆப்களைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுங்கள். அதிகாரபூர்வமான வழி எது என்று ஒவ்வொரு ரேஸ் புத்தகத்திலும் தமிழிலேயே அச்சிடுங்கள். கட்டுமீறி விளையாடுபவரைத் தடுத்து நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் பந்தய வரியை உயர்த்தும் யோசனையை எதிர்த்து, 2025 செப்டம்பர் 10 அன்று ரேஸ் துறையினர் ரேஸ்களையே நிறுத்திப் போராடினார்கள். நவம்பர் பட்ஜெட்டில் ஆன்லைன் கேசினோ வரி 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. குதிரைப் பந்தய வரி 15 சதவீதத்திலேயே விடப்பட்டது. இரண்டும் ஒன்றில்லை என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். நாமும் பார்க்க வேண்டும். லாயக்காரர், ஜாக்கி, பயிற்சியாளர் என்று குதிரையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன.

ஏற்கெனவே பணத்தை விட்டுவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், விட்டதைப் பிடிக்க மறுபடியும் கட்டாதீர்கள். தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.