தாயக்கட்டைக்கு நினைவு உண்டா?



பாட்டி தாயம் ஆடுகிறார். பத்து முறை உருட்டியும் தாயம் விழவில்லை. ஒரு காய்கூடக் கட்டத்துக்குள் இறங்கவில்லை. "இத்தனை நேரம் விழவில்லை, இனிமேல் விழுந்தே தீரும்" என்று சொல்லிப் பதினோராவது முறை உருட்டுகிறார். பக்கத்தில் பேரன் செல்பேசியில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறான். அவனுடைய வில்வீரன் விட்ட அம்பு மூன்று முறை தவறிவிட்டது. "நாலாவது அம்பு கட்டாயம் படும்" என்கிறான் அவன்.

இருவர் சொல்வதும் ஒன்றேதான். அது சரியா? விடை காண, பேரன் ஆடும் ஆட்டம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம்.

தாயமும் வீடியோ கேமும்

வீடியோ கேம்களில் ஒரு வகை உண்டு. அதில் நீங்கள் ஒரே வீரனாக ஆடுவதில்லை. வாள் வீரன், வில் வீரன், மந்திரவாதி, வைத்தியர் என நால்வர் அல்லது அறுவர் கொண்ட குழுவை நடத்திச் செல்கிறீர்கள். சண்டையில் அவசரம் கிடையாது. உங்கள் முறை வரும்போது யார் என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாக யோசித்துச் சொல்லலாம். பிறகு எதிரியின் முறை.

இதன் மூலம் 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டம். காகிதம், பென்சில், இருபது முகங்கள் கொண்ட பகடை ஆகியவை போதும், கணிப்பொறி தேவையில்லை. 1981-ல் வந்த 'விசார்ட்ரி' அறுவர் குழுவைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டு வந்தது. 1987-ல் ஜப்பானில் 'ஃபைனல் ஃபேண்டஸி' நால்வர் குழுவுடன் வந்தது. 2023-ல் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3' இன்றும் அதே இருபது முகப் பகடையைத் திரையில் உருட்டிக் காட்டுகிறது.

நம் தாயத்தைப் பாருங்கள். உங்களிடமும் ஒரு குழு இருக்கிறது. அதுதான் உங்கள் காய்கள். முறை வைத்து ஆடுகிறீர்கள். விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது, யாரை வெட்டுவது, யாரைப் பத்திரமான கட்டத்தில் உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறீர்கள். கட்டை தருவது வாய்ப்பு. காயைத் தேர்ந்தெடுப்பது உங்கள் அறிவு. இந்த இரண்டும் கலந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. கீழடி அகழாய்வில்கூடப் பகடைகளும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன.

பதினாறு வழிகள்

பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கங்கள். ஒரு பக்கம் வெறுமை. மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 4 × 4 = 16 வழிகளில் விழலாம். இரண்டும் வெறுமையானால் 12 என்று கொள்கிறோம். எந்த எண் எத்தனை வழிகளில் விழும் என்று எண்ணினால் கிடைப்பது இது:

தாயம் (1) – 2 வழிகள்
இரண்டு – 3 வழிகள்
மூன்று – 4 வழிகள்
நான்கு – 3 வழிகள்
ஐந்து – 2 வழிகள்
ஆறு – 1 வழி
பன்னிரண்டு – 1 வழி

ஆகவே தாயம் விழும் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. விழாமல் போகும் நிகழ்தகவு 7/8. பத்து முறையும் விழாமல் போக வேண்டுமானால் 7/8-ஐப் பத்துத் தடவை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.26. நூறு பேர் பத்துப் பத்து முறை உருட்டினால் அவர்களில் சுமார் 26 பேருக்குத் தாயமே விழாது! பாட்டிக்கு நேர்ந்தது அபூர்வமான துரதிர்ஷ்டம் ஒன்றுமில்லை.

பஸ்ஸும் கட்டையும்

சரி, பதினோராவது உருட்டலில் தாயம் விழும் நிகழ்தகவு என்ன? அதே 1/8 தான். பித்தளைக்கு நினைவு கிடையாது. முன்பு என்ன விழுந்தது என்று அது கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

அப்படியானால் "இனிமேல் விழுந்தே தீரும்" என்று நம் மனம் ஏன் அடித்துச் சொல்கிறது? அன்றாட வாழ்க்கையில் பல இடங்களில் அந்த எண்ணம் சரியாக இருப்பதுதான் காரணம். மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி செல்ல நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் தவறாமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நிமிடம் காத்திருந்துவிட்டால், இன்னும் ஐந்து நிமிடத்துக்குள் பஸ் வந்தாக வேண்டும். காத்திருந்த நேரம் வீண் போகவில்லை. பஸ்ஸுக்குக் கால அட்டவணை இருக்கிறது, கட்டைக்கு இல்லை. பஸ்ஸுக்குப் பொருந்தும் கணக்கை மனம் கட்டைக்கும் போட்டுப் பார்க்கிறது. தவறு அங்கேதான்.

உங்கள் கையில் இருப்பது

வாய்ப்பை மாற்ற முடியாது என்றால் ஆட்டத்தில் திறமைக்கு என்ன வேலை? நிறைய வேலை உண்டு. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

எதிரே இரண்டு அரக்கர்கள். ஒவ்வொருவனுக்கும் உயிர்ப்புள்ளி 20. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் குழு முதலில் அடித்து 10 புள்ளி குறைக்கும். பிறகு உயிரோடிருக்கும் ஒவ்வோர் அரக்கனும் உங்களிடம் 5 புள்ளி குறைப்பான்.

அடியை இருவருக்கும் சமமாகப் பங்கிட்டால் நான்காவது சுற்றில் இருவரும் ஒன்றாக விழுவார்கள். அதற்குள் மூன்று சுற்றுகள் இருவரும் அடித்திருப்பார்கள். உங்கள் இழப்பு 30. அப்படியில்லாமல் முதலில் ஒருவனையே அடித்தால் அவன் இரண்டாவது சுற்றில் விழுவான், மற்றவன் நான்காவதில். இழப்பு 10 + 5 + 5 = 20. சண்டை முடிய அதே நான்கு சுற்றுகள்தான். இழப்போ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது!

இன்னொன்று. வாள் பட்டால் 12 புள்ளி குறையும்; படும் நிகழ்தகவு 3/4. மந்திரம் பட்டால் 20 புள்ளி குறையும். படும் நிகழ்தகவு 2/5. சராசரியாக வாளின் பலன் 9. மந்திரத்தின் பலன் 8. ஆகவே எப்போதும் வாளே சிறந்ததா? எதிரியிடம் 15 புள்ளி மிச்சம் இருக்கிறது, இந்த முறை தவறினால் உங்கள் வைத்தியரை அவன் வீழ்த்திவிடுவான் என்றால்? ஒரே வெட்டில் 15 புள்ளியைக் குறைக்க வாளால் முடியாது. அங்கே மந்திரமே வழி. சராசரியைத் தெரிந்துகொள்ளுங்கள்; அதோடு உங்கள் தேவை எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணிப்பொறி எப்படிக் கட்டை உருட்டுகிறது?

கணிப்பொறிக்குள் பித்தளை இல்லை, மேசை இல்லை. சொன்ன கணக்கைப் பிசகாமல் செய்யும் கருவி அது. அது எப்படி வாய்ப்பை உண்டாக்கும்? 1949-ல் டெரிக் லெஹ்மர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஓர் எளிய வழி சொன்னார். அதே வகையில் ஒரு சிறிய கணக்கை நீங்களே போடலாம்.

ஓர் எண்ணை எடுத்து 5-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டுங்கள். வந்ததை 16-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடி இதையே செய்யுங்கள். 7-ல் தொடங்கினால் வருபவை: 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4, 7. பார்வைக்குத் தாறுமாறாக இல்லையா? ஆனால் 0 முதல் 15 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. பிறகு பழைய வரிசையே திரும்பும்.

'12-க்குக் குறைந்த எண் வந்தால் அம்பு படும்' என்று விதி வைத்தால் அம்பு படும் வாய்ப்பு 12/16, அதாவது 3/4. மேலே உள்ள வரிசையில் 12, 15, 14 அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். மூன்று அம்புகள் தொடர்ந்து தவறுகின்றன! பேரனுக்கு நேர்ந்ததும் இதுதான்.

'இந்த வரிசைக்கு நினைவு உண்டே! எல்லா எண்களும் முடிந்தபின்தானே திரும்புகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வரிசையில் 16 எண்களே இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. 1997-ல் ஜப்பானிய அறிஞர்கள் மத்சுமோட்டோ, நிஷிமுரா இருவரும் அமைத்த முறையில் வரிசை திரும்பி வர ஆகும் எண்ணிக்கையை எழுத 6002 இலக்கங்கள் வேண்டும். அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஊகிக்க முடியாது.

90 என்று சொல்லி 98

இனி ஒரு வேடிக்கை. 'ஃபயர் எம்ப்ளம்' என்ற ஜப்பானிய ஆட்ட வரிசையில் 2002-ல் ஒரு தந்திரம் புகுந்தது. திரையில் 'அடி படும் வாய்ப்பு 90 சதவீதம்' என்று தெரியும். உள்ளே கணிப்பொறி 0 முதல் 99 வரை இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கும். சராசரி 90-க்குக் குறைந்தால் அடி பட்டது. இரண்டு எண்களும் பெரியனவாக வருவது அரிது. ஆகவே உண்மையான வாய்ப்பு ஏறத்தாழ 98 சதவீதம்! 10 சதவீதம் என்று காட்டினால் உண்மையில் சுமார் 2 தான்.

90 சதவீதம் என்றால் நம் மனம் 'நிச்சயம்' என்றே படிக்கிறது. பத்தில் ஒன்று தவறினால் 'ஏமாற்று' என்று கோபம் வருகிறது. இந்தக் கணக்கு நம் மனத்தின் போக்குக்கு இசைவாக வாய்ப்பையே வளைத்துக் கொடுத்துவிடுகிறது. பித்தளைக் கட்டை உங்கள் கையில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் உருட்டிச் சோதிக்கலாம். திரைக்குள் உருளும் கட்டையோ அதை எழுதியவர் கையில் இருக்கிறது.

விளையாட்டுக்கு ஆடும்வரை இதனால் தீங்கில்லை. பணம் கட்டி ஆடும்போது கதை மாறும். ஏமாற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கைப் பாருங்கள். நூறு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டுகிறார்கள். நடத்துபவர் 100 ரூபாய் எடுத்துக்கொண்டு 900 ரூபாயைப் பங்கிடுகிறார். சராசரியாக ஆளுக்கு ஒரு ரூபாய் நஷ்டம், ஒவ்வோர் ஆட்டத்திலும். 'இவ்வளவு விட்டாயிற்று, அடுத்த ஆட்டத்தில் வந்தே தீரும்' என்று நினைப்பவர் பாட்டி செய்த அதே பிழையைச் செய்கிறார். பாட்டிக்குப் போவது ஒரு முறை. இவருக்குப் போவது வீட்டுப் பணம். இப்படிக் கடனில் மூழ்கிய குடும்பங்கள் பல. 2022-ல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க மசோதா நிறைவேற்றியது. 2023-ல் அது சட்டமாயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 7/8-ஐப் பத்து முறை பெருக்கத் தெரிந்த மாணவர், வீட்டில் ஒருவர் 'இனிமேல் வந்தே தீரும்' என்று சொல்லும்போது உட்கார்ந்து கணக்கை விளக்கிச் சொல்லலாம்.

செய்து பாருங்கள்

நண்பர் ஒருவருடன் சேர்ந்து தாயக்கட்டைகளை 160 முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கின்படி மூன்று 40 முறையும், தாயம் 20 முறையும், பன்னிரண்டு 10 முறையும் விழ வேண்டும். 40-க்குப் பதில் 35 அல்லது 46 வந்தால் அது இயல்பே. 60 வந்தால் கட்டையின் வடிவத்தைச் சந்தேகியுங்கள். பிறகு, தொடர்ந்து ஐந்து முறை தாயம் விழாத இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு அடுத்த உருட்டலில் என்ன விழுந்தது என்று எண்ணுங்கள். அங்கும் சுமார் எட்டில் ஒரு முறைதான் தாயம் விழுந்திருக்கும்.