முதிய நாய் திடீரென்று விழுந்தால்

சிஞ்ச்வட்டில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு மராட்டிய மூதாட்டி. எல்லோரும் அவரை ஆஜி என்றே அழைப்போம். ஆஜி வளர்க்கும் நாயின் பெயர் மோதி, வயது 13. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, எழுந்து நான்கடி நடந்த மோதி பொத்தென்று விழுந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண்மணிகள் ஊசல் போல் இங்குமங்கும் ஓடின. "பக்கவாதம்தான். ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஆஜி என்னைப் பார்த்து, "நீ விஞ்ஞானம் படிக்கிற பிள்ளையாயிற்றே, பாளா! நீயே சொல்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வெட்கத்தால் பின்னர்க் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

நாய் ஏன் விழுகிறது? மூளைக்கு இரத்தமும் பிராணவாயுவும் குறைந்தால் விழும். மூளையிலேயே கோளாறு என்றாலும் விழும். உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு கெட்டாலும் விழும். முதுமை ஒரு நோயன்று. ஆனால் இவை எல்லாவற்றிற்கும் அது வாயிலைத் திறந்து வைக்கிறது.

முதலில் இதயம். பொமரேனியன் போன்ற சிறு நாய்களில் வயதானபின் இதய வால்வு தடித்து ஒழுகும். டாபர்மன் போன்ற பெரிய நாய்களில் இதயத் தசை தளர்ந்து வீங்கும். அப்போது நாய் மயங்கி விழுந்து, சிறிது நேரத்தில் தானே எழுந்துவிடும். இருமலும் இளைப்பும் முன்னறிவிப்புகள்.

இரண்டாவது, உள்ளே ஒழுகும் இரத்தம். அல்சேஷன், லாப்ரடார் போன்ற நாய்களில் மண்ணீரலில் கட்டி வளர்ந்து ஒரு நாள் வெடிப்பதுண்டு. ஈறு வெளுத்துவிடும். கசிவு சற்று நின்றால் நாய் எழுந்து நடக்கவும் செய்யும். அதை நம்பி ஏமாறக் கூடாது. நம் நாட்டில் உண்ணிக் காய்ச்சலும் இரத்தத்தைக் குறைத்து நாயை வீழ்த்துகிறது.

மூன்றாவது, வலிப்பு. உடல் விறைக்கும், கால்கள் நீந்துவதுபோல் அடித்துக்கொள்ளும், தெளிந்த பின்னும் சிறிது நேரம் திகைத்து நிற்கும்.

நான்காவது, சமநிலைக் கோளாறு. பார்க்க மிகப் பயங்கரமாக இருக்கும். ஆனால் முதிய நாய்களுக்கு வருவதில் பெரும்பாலும் மூன்று நாளில் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் நடமாட்டம் திரும்பிவிடும். காதுப் புண்ணும் மூளை நோயும் இதே வேடத்தில் வரக்கூடும். ஆகவே மருத்துவர் பார்த்தே தீர வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? விழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். மருத்துவர் வருமுன் நாய் எழுந்துவிட்டால் அந்தப் படமே சாட்சி. ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மனிதருக்கான வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். இபுப்ரோஃபன் நாய்க்கு நஞ்சு. வெளுத்த ஈறு, உப்பிய வயிறு, மூச்சுத் திணறல், ஐந்து நிமிடத்திற்கு மேற்பட்ட வலிப்பு இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஒரு கணமும் தாமதிக்காதீர்கள். போர்வையில் கிடத்தித் தூக்கிச் செல்லுங்கள்.

பம்பாயில் 1886-லும் சென்னையில் 1903-லும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. இன்று நாயின் இதயத்தையும் எக்கோ கருவியால் பார்க்க முடிகிறது. அப்படியிருக்க, "வயதாகிவிட்டது" என்ற ஒரே சொல்லால் தீர்ப்பளிப்பது முறையாகுமா?

திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் கோவிவன் என்ற நாய் தன் வீரனோடு நிற்கிறது. கள்வரைக் கடித்த நாய்க்குக் கல்லில் இடம் கொடுத்தவர்கள் நாம். விழுந்த நாய்க்கு ஒரு முறை மருத்துவரைக் காட்டக் கூடாதா?

மோதிக்கு வந்தது சமநிலைக் கோளாறுதான். நான்காம் நாள் ஆஜியின் கையிலிருந்து சோறு தின்றது. இப்போது மாலைதோறும் பவனா ஆற்றங்கரைக்கு நடக்கிறது. தலை மட்டும் இன்னும் சற்றே சாய்ந்திருக்கிறது, ஆஜி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல.