இன்னொருத்தியின் கணவர் ஏன் நல்லவராகத் தெரிகிறார்?

மட்டக்களப்பார் வசியம் செய்து ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கலியாணம் முடித்தவர் வேறொரு பெண்ணிடம் போனால் எங்கள் ஊரிலும் "அவள் மருந்து போட்டுட்டாள்" என்றுதான் கதைப்பார்கள். அந்த "அவள்" ஆக நானும் கொஞ்சக் காலம் இருந்தேன் சகோதரிகளே. மருந்து எதுவும் நான் போடவில்லை.

2007 இல் படுவான்கரையில் இருந்து இடம்பெயர்ந்தபோது செல் விழுந்து என் கணவர் இறந்தார். ஊர் திரும்பிய பின், தையல் வேலைக்காக எழுவான்கரைக்குப் போய் வருவேன். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை பாதையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். அதில் ஒரு மேசனின் குடும்பத்தை அடிக்கடி காண்பேன். சின்ன மகள் அவர் இடுப்பில் இருப்பாள். மனைவியின் பையும் அவர் கையில்தான். வெயிலென்றால் குடையை மனைவி பக்கம் சரித்துப் பிடிப்பார். அந்தக் குடை என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அவர்கள் வரும் நேரம் பார்த்து நானும் போகத் தொடங்கினேன். குசினிச் சுவர் வெடித்துவிட்டது என்று ஒருநாள் அவரைக் கூப்பிட்டேன். சுவர் வெடித்து இரண்டு வருடம். பிறகு கைத்தொலைபேசியில் கதை வளர்ந்தது.

தனி ஆண்கள் ஊரில் இல்லையா என்று பின்னொரு நாள் உளவளத்துணையாளர் கேட்டார். "அவங்களை நம்பலாமெண்டு எப்படித் தெரியும்?" என்றேன். ஒருத்தியோடு ஒழுங்காகக் குடும்பம் நடத்துவது எனக்கு ஒரு நற்சான்றிதழாகத் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ஒரு ஆணின் படத்தைக் காட்டி, அவர் தனி ஆள் என்றபோது துணையில்லாத பெண்களில் 59 வீதமானோர் விரும்பினர். துணை உள்ளவர் என்றபோது 90 வீதம். மாணவிகளிடம் செய்த சிறிய ஆய்வுதான், எங்களுக்கு அப்படியே பொருந்தாது. எங்களுக்கு வேறு கணக்கும் இருக்கிறது. ஒருமுறை ஆளைப் பறிகொடுத்தவளுக்கு இன்னொருவரை முழுதாகச் சொந்தமாக்கப் பயம். பாதி ஆள் போனால் பாதி இழப்புத்தானே என்று மனம் சொல்லும். எனக்குச் சொன்னது.

ஒருநாள் அந்த மனைவி மகளுக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்க என்னிடமே வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. "காசு அடுத்த மாதம் தாறன் கா. இவர் இப்ப வீட்டுக்குத் தாறது குறைவு" என்றாள். என் வீட்டு மின்விசிறி அவர் வாங்கித் தந்தது. பிள்ளைக்கு அளவெடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

அன்றே விட்டேன் என்று சொன்னால் பொய். சில கிழமை கழித்து அவர் ஒரு பையோடு படலையில் வந்து நின்றார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பது, மாப்பிள்ளைதான் அங்கு வந்து இருப்பது. கோபித்தால் பையோடு வெளிக்கிட வேண்டியதும் அவர்தான். மனைவியின் சமையலையும் வாயையும் குறை சொல்லிக்கொண்டு நின்றார். பாதையில் நான் கண்ட மனிதரை அந்த முகத்தில் தேடினேன். படலையைத் திறக்கவில்லை. இரவு முழுக்க அழுததையும் மறைக்க மாட்டேன்.

இதே நிலையில் இருக்கும் சகோதரிக்கு ஒரு தகவல். பொதுச் சட்டத்தின்படி முதல் மனைவி உயிரோடிருக்க, விவாகரத்துப் பெறாமல் செய்யும் இரண்டாம் கலியாணம் செல்லாது. அது குற்றமும்கூட. ஆனால் பிள்ளை பிறந்திருந்தால், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தகப்பனிடம் பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குக் கலியாணப் பதிவு தேவையில்லை.