ஒளிப்பட அச்சுகளில் கையொப்பமும் இலக்கமும்

ஒரு நெகற்றிவிலிருந்து எத்தனை பிரதிகளையும் அச்சிடலாம். பிரதிகள் பெருகினால் பெறுமதி குறையும். ஆகவே கலைஞர் பிரதிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்து, அச்சின் கீழ் ஓரத்திலோ பின்புறத்திலோ 3/20 என எழுதிக் கையொப்பமிடுவார். இது பின்னம் அன்று. 20 பிரதிகளுள் மூன்றாவது என்பதே பொருள்.

உதாரணம்: அமெரிக்கக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன், முன்னர் வரையறுத்த எண்ணிக்கையில் விற்ற சில படங்களைப் பெரிய அளவில் டிஜிற்றல் முறையில் மீண்டும் அச்சிட்டார். அவை 2012 இல் ஏலத்தில் விற்கப்பட்டன. பழைய பிரதிகளை வாங்கியிருந்த ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். புதியவை வேறொரு பதிப்பு எனக் கருதிய நியூயோர்க் நீதிமன்றம் 2013 இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

மாணவர்களே, இலக்கம் மட்டும் போதாது. அளவு, அச்சிட்ட முறை, ஆண்டு ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும் என்பதை விடையில் சேர்த்து எழுதுக.