வெடி ஊரில் வெடி விளையாட்டு!

அட்டையில் "18" என்று போட்டிருக்கிறது; ஆடுவது யார்?

ஆமத்தூர்:-

விருதுநகர்-சிவகாசி ரோட்டில், ஆமத்தூர் பக்கம் "டமார்" என்று சத்தம் கேட்டால் ஜனங்கள் செய்கிற முதல் காரியம் ஒன்று உண்டு. வாசலுக்கு ஓடிவந்து நாலு திசையும் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் புகை கிளம்புகிறது? அந்தப் பக்கம் நம்ம ஆள் யாராவது வேலைக்குப் போயிருக்கிறார்களா? மற்றதெல்லாம் அப்புறம்தான்.

இப்போது அதே "டமார்" வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் பையன். இரண்டு கையிலும் நண்டு மாதிரி ஒரு கருப்புச் சாமான்.

"என்னடா அது சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா, கேமு. பெட்ரோல் பங்க்கை வெடிக்க வச்சேன்!"

அம்மாவுக்கு எப்படி இருக்கும்? பகல் முழுக்க மருந்துக்கும் திரிக்கும் நடுவில் பயந்து பயந்து வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிற வட்டாரம் இது.

முழு ஊரும் திறந்த வீடு

"ஓப்பன் வேர்ல்டு" என்று பையன்கள் சொல்லும் விளையாட்டு அது. பழைய டி.வி. கேமில் மரியோ நேராக ஓடுவான், குதிப்பான், கோட்டையைப் பிடிப்பான். போகிற வழி ஒன்றே ஒன்றுதான். இதில் அப்படி இல்லை. ஒரு முழு நகரத்தையே திறந்து விட்டுவிடுகிறார்கள். எந்தத் தெருவிலும் போகலாம். எந்தக் காரையும் பறிக்கலாம். கடலில் நீந்தலாம், விமானம் ஓட்டலாம், சும்மா நின்று சூரியன் மறைவதையும் பார்க்கலாம்.

இதில் பெரிய அண்ணன் "கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ". சுருக்கமாக ஜி.டி.ஏ. பேருக்கு அர்த்தமே பெரிய கார் திருட்டு! இதன் ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பர் 17-ந்தேதி வெளிவந்தது. மூன்றே நாளில் வசூல் 100 கோடி டாலர். எந்த சூப்பர் ஸ்டார் படத்துக்கு இப்படி ஓட்டம்? கம்ப்யூட்டரில் ஆடும் பதிப்பு 2015 ஏப்ரலில் வந்தது. உலகம் முழுக்க 20 கோடிக்கும் மேலான பிரதிகள் விற்றுவிட்டன.

தப்பு செய்தால் திரையின் மூலையில் நட்சத்திரம் விழும். ஒரு நட்சத்திரம் என்றால் போலீஸ் துரத்தும். நட்சத்திரம் கூடக்கூட ஹெலிகாப்டர் வரும். "வைஸ் சிட்டி" என்ற பழைய பாகத்தில் ஆறு நட்சத்திரம் விழுந்துவிட்டால் ராணுவ டாங்கியே வந்து நிற்கும். ஆனால் பெயிண்ட் கடைக்குள் காரை விட்டு வண்ணம் மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் போதும், போலீஸ் மறந்துவிடும்! ஆமத்தூர் போலீஸ் நிலையத்தில் ஒரு வழக்கு பதிவானவர்களைக் கேட்டுப் பார்த்தால் தெரியும், வண்டிக்கு வண்ணம் மாற்றினால் கேஸ் போகிறதா என்று.

அரசு லேப்டாப்பில் வந்து இறங்கியது

இந்த விளையாட்டு பணக்கார வீட்டோடு நிற்காமல் கிராமத்துக்கு எப்படி வந்தது? அதில்தான் வேடிக்கை.

2011 செப்டம்பர் 15-ந்தேதி அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிளஸ்-2 பிள்ளைகள் கையில் அதுவரை பார்க்காத சாமான் வந்து சேர்ந்தது. பாடம் படிக்கத்தான் கொடுத்தார்கள். பாடமும் படித்தார்கள். இல்லை என்று யார் சொன்னது?

"வைஸ் சிட்டி"யின் கம்ப்யூட்டர் பதிப்பு 2003-ல் வந்தது. அதற்கு 128 எம்.பி. நினைவகமும் 915 எம்.பி. இடமும் இருந்தால் போதும். அரசு லேப்டாப்புக்கு இது கொசுறு. பென்-டிரைவில் ஏறி ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொரு லேப்டாப்புக்கு கை மாறிக்கொண்டே போனது. காசு கொடுத்து வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஐந்தாம் பாகம் அப்படி லேசான ஆள் இல்லை. வந்த காலத்திலேயே 65 ஜி.பி. இடம் கேட்டது. தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றது. அரசு லேப்டாப் மூச்சு வாங்கியது. அப்புறம் வந்தது ஊரடங்கு. 2020 மே 14 முதல் 21 வரை "எபிக் கேம்ஸ்" கம்பெனி ஜி.டி.ஏ. ஐந்தாம் பாகத்தை ஒரு வாரம் சும்மாவே கொடுத்தது. பள்ளிக்கூடம் பூட்டு. பையன்கள் வீட்டில். முதல் நாளே உலகம் பூராவும் முண்டியடித்ததில் அந்தக் கம்பெனியின் தளம் மணிக்கணக்கில் முடங்கிப் போனது!

நண்டு மாதிரி ஒரு சாமான்

கையில் பிடிக்கும் அந்தக் கருப்புச் சாமானுக்குப் பெயர் கேம்பேடு. பழக்கத்தில் "ஜாய்ஸ்டிக்" என்றே பலரும் சொல்கிறார்கள்.

கீ-போர்டு இருக்கும்போது இது எதற்கு? டவுன் பஸ் டிரைவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். கீ-போர்டில் ஆக்சிலேட்டர் என்பது ஒரு கட்டை. அழுத்தினால் முழு வேகம், விட்டால் பூஜ்யம். நடுவில் ஒன்றும் கிடையாது. வளைவில் கார் சுவரில் போய் மோதும். கேம்பேடில் ஆள்காட்டி விரலுக்குக் கீழே துப்பாக்கி விசை மாதிரி ஒன்று இருக்கிறது. பாதி அழுத்தினால் பாதி வேகம். கட்டை விரலால் தள்ளும் குச்சியும் அப்படித்தான். மெல்லத் தள்ளினால் ஆள் நடப்பான், முழுக்கத் தள்ளினால் ஓடுவான்.

துப்பாக்கிக் குறி வைக்க மட்டும் மவுஸ்தான் ராஜா. அதனால் கேம்பேடு பிடித்தவனுக்கு விளையாட்டே கொஞ்சம் குறியைப் பிடித்துக் கொடுக்கிறது. இது ஒரு மாதிரி சலுகை மார்க்.

உள்ளே சின்ன மோட்டார்கள் இருக்கின்றன. அவற்றின் முனையில் ஒருபக்கம் கனமான எடை. திரையில் வெடித்தால் மோட்டார் சுழலும், கை அதிரும். நிஜ வெடி வெடித்தால் ஜன்னல் அதிருகிற ஊரில், இதுவும் அதிருகிறது.

மலிவுச் சாமான் வாங்கி ஏமாறுகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2005-ல் வந்த "எக்ஸ்பாக்ஸ் 360" கேம்பேடு பேசும் பாஷைக்கு "எக்ஸ்-இன்புட்" என்று பெயர். அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அந்தப் பாஷைதான் தெரியும். சில மலிவுக் கேம்பேடுகள் பழைய பாஷை பேசும். செருகினால் விளக்கு எரியும், விளையாட்டு கண்டுகொள்ளாது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று கிளம்புவதற்கு முன் பின்பக்கம் சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கலாம். சிலவற்றில் நடு பட்டனை சில விநாடி அழுத்திப் பிடித்தாலே பாஷை மாறிவிடும்.

நாளானால் குச்சி தேயும். அப்புறம் யாரும் தொடாமலேயே ஆள் தானாக நடப்பான். பேய் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே தகடு தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். "டெட் சோன்" என்ற அளவைக் கொஞ்சம் கூட்டினால் சில மாதம் ஓட்டலாம்.

100 டாலரில் உயிர்!

இந்த விளையாட்டில் செத்தால் என்ன ஆகும்? வைஸ் சிட்டியில் திரை மங்கும். அடுத்த விநாடி ஆஸ்பத்திரி வாசலில் முழு ஆளாக எழுந்து நிற்கலாம். சிகிச்சைக்கு 100 டாலர் பிடித்தம். கையிலிருந்த துப்பாக்கிகள் போய்விடும். அவ்வளவுதான். தீப்புண் கிடையாது. தழும்பு கிடையாது.

இந்த வட்டாரத்துக் கணக்கு வேறு. 2012 செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிப் போனார்கள். 2021 பிப்ரவரி 12-ந்தேதி சாத்தூர் அருகே அச்சங்குளம்; இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அந்த வாசலில் மறுவிநாடி எழுந்து நின்றவர் யாரும் இல்லை.

வேறு ஊர்ப் பையனுக்கு வெடி வெறும் படம். இங்கே அப்படி இல்லை. அப்பா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது ஒருவர் அந்த மருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை திரையில் ராக்கெட் விட்டுச் சிரிக்கிறான் என்றால் அவனுக்குக் கல் நெஞ்சு என்று சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்கு, வெடித்தாலும் யாரும் சாகாத ஒரு இடம் அது ஒன்றுதானோ என்னவோ!

இங்கேயும் 18, அங்கேயும் 18

வெடிபொருள் வேலையில் 18 வயது நிறையாதவரை அமர்த்தக்கூடாது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. மீறினால் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20 ஆயிரம் முதல் ரூ.50 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஜி.டி.ஏ. அட்டையிலும் ஐரோப்பாவில் அதே "18" என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 17. கொலை, ஆபாசம், போதை மருந்து எல்லாம் உள்ளே உண்டு. ஆலை வாசலிலாவது வயதைக் கேட்க அதிகாரி வருவார். கம்ப்யூட்டர் முன்னால் யார் கேட்பது? சினிமாவுக்கு சென்சார் போர்டு இருக்கிறது. விளையாட்டுக்கு இந்தியாவில் அப்படி ஒரு போர்டு கிடையாது. பன்னிரண்டு வயசுப் பொடியன் "எனக்கு 18" என்று ஒரு பட்டனைத் தட்டினால் கதவு திறந்துவிடும்.

"இதையெல்லாம் தடை பண்ணிட்டாங்களாமே?" என்று கேட்கிற பெற்றோர் நிறைய. அது வேறு, இது வேறு. தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு கவர்னர் 2023 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தார். ரம்மி மாதிரி பணம் கட்டி ஆடுவதைப் பற்றியது அது. பின்னால் 2025 பிப்ரவரியில் வந்த விதி, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அந்த ஆட்டங்களை மூடச் சொன்னது. ஐகோர்ட்டும் அதை 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்கிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் தனியாக உட்கார்ந்து ஆடும் ஜி.டி.ஏ. கதை ஆட்டம் இந்த எதற்குள்ளும் வராது. ராத்திரி 2 மணிக்கு ஆடினாலும் சட்டம் கேட்காது. ரம்மியில் வீடு போகும் என்ற பயம் இங்கே பொருந்தாது. ஆனால் அதே விளையாட்டின் ஆன்லைன் பகுதியில் "ஷார்க் கார்டு" என்று ஒன்று விற்கிறார்கள். நிஜப் பணம் கொடுத்து விளையாட்டுப் பணம் வாங்குவது. அப்பாவின் போனில் உள்ள பணப் பெட்டியைப் பையனுக்குத் திறந்து கொடுத்திருந்தால் அங்கேதான் கவனம் வேண்டும்.

ஓசிப் பிரதியில் இன்னொரு வம்பு. "ஆன்டி-வைரசை அணைத்துவிட்டு ஏற்று" என்று சொல்லித்தான் பல திருட்டுப் பிரதிகள் வரும். வீட்டுக் காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு கதவைத் திற என்கிற மாதிரி! தெரிந்தே திருட்டு சாப்ட்வேர் பயன்படுத்தினால் காப்புரிமைச் சட்டப்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்கு இல்லை என்றால் கோர்ட்டு சிறையை விட்டுவிட்டு அபராதத்தோடு நிறுத்தலாம்.

ஆடினால் கொலை செய்வானா?

2008 ஆகஸ்டில் தாய்லாந்தில் ஒரு பள்ளி மாணவன் டாக்சி டிரைவரைக் குத்திக் கொன்றான். ஜி.டி.ஏ. பார்த்து அதைப்போல செய்து பார்த்தேன் என்று போலீசாரிடம் சொன்னான். அந்த நாட்டில் விளையாட்டின் விற்பனையையே நிறுத்தினார்கள்.

இதைக் கேட்டுப் பதறுகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 14, 15 வயதுள்ள 1,004 பிரிட்டிஷ் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்கள். பெற்றோரையும் கேட்டார்கள். வன்முறை விளையாட்டு ஆடுவதால் முரட்டுத்தனம் கூடியதாகத் தெரியவில்லை என்று 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். 20 கோடிப் பிரதிகள் விற்ற விளையாட்டு கொலைகாரனை உண்டாக்குவதானால் தெருவில் யாரும் நடக்கவே முடியாதே!

பெங்களூரில் வேலை

"வெட்டி வேலை" என்று அப்பா திட்டுவார். அவருக்கு ஒரு தகவல். பெங்களூரில் 1997-ல் "துருவா இன்டராக்டிவ்" என்ற விளையாட்டுக் கம்பெனியை ராஜேஷ் ராவ் தொடங்கினார். 2019-ல் ஜி.டி.ஏ. தயாரிக்கும் "ராக்ஸ்டார்" கம்பெனியே அதை விலைக்கு வாங்கி, பெங்களூரில் இருந்த தன் கிளையோடு சேர்த்துக்கொண்டது. படம் வரைகிறவர்கள், புரோகிராம் எழுதுகிறவர்கள், தப்பு கண்டுபிடிக்கிறவர்கள் என்று ஆள் எடுக்கிற தொழில் இது. விருதுநகரில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் பெங்களூர். ஆமத்தூரிலேயே என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. ஆனால் ஆடத் தெரிந்தவனுக்கெல்லாம் அங்கே நாற்காலி போட்டு வைத்திருக்கவில்லை. கணக்கும் ஓவியமும் வர வேண்டும்.

எப்போது நோய்?

உலக சுகாதார நிறுவனம் "விளையாட்டு அடிமைத்தனம்" என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. லீவில் நாலு நாள் ராத்திரி கண் விழித்தால் அது நோய் இல்லை. ஆட்டத்தை அடக்க முடியாமல், சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகி, கெடுதல் தெரிந்தும் விட முடியாமல், பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் டாக்டர்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

அந்த அளவுக்குப் போனால் கேம்பேடைப் பிடுங்கி உடைப்பதில் பிரயோஜனம் இல்லை. கீ-போர்டு இருக்கிறது, செல்போன் இருக்கிறது, பக்கத்து வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரும் இருக்கும். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் "டெலி-மானஸ்" எண் 14416. ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.